வேறு ஆள் கிடைக்கவில்லை

விருப்ப மனு கொடுத்தாயிற்று. பணமும் கட்டியாயிற்று. வேட்டி மடிப்புக் கலையாமல் நேர்காணலுக்குள் நுழைகிறார் நம்ம ஊர்க்காரர். முதல் கேள்வியே, "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" சட்டமன்றத் தொகுதிக்குத் தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பு 40 லட்சம். பாவம், அதையே சொல்லித் தொலைத்தார். "சரி தம்பி, வெளியே டீ இருக்கு, குடிச்சிட்டுப் போங்க."

அடுத்தவர் தொகையே சொல்லவில்லை. சிரித்தார். சீட்டு அவருக்கு.

அவர் மேல் ஏழு வழக்கு. இருக்கட்டும், மறியலில் உட்கார்ந்தாலே இங்கே வழக்குதான். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆறு மறியல் வழக்குக்கு நடுவே பழைய 307 ஒன்று, கொலை முயற்சி, கல்யாணப் பந்தியில் அழைக்காமல் வந்தவன் போலத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறதே!

2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வழக்குள்ளவரை நிறுத்தினால், ஏன் என்று கட்சி ஊரறியச் சொல்ல வேண்டும். 'ஜெயிப்பார்' என்பது மட்டும் காரணமாகாது. வழக்கில்லாத வேறொருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்பதற்கும் பதில் வேண்டும். அதற்கென்று சி-7 படிவம். மக்கள் தொண்டர், செல்வாக்குள்ளவர், வழக்கு அரசியல் காழ்ப்பில் போட்டது என்று நிரப்புகிறார்கள். ஆளுக்கு ஆள் பெயர்தான் மாறும்.

அந்த 'வேறொருவர்' கேள்வியிடம் வாருங்கள். இரண்டு லட்சம் வாக்காளர் உள்ள தொகுதி. வாத்தியார், நர்ஸம்மா, பால்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார், எவரும் தேறவில்லையாம். எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. நம் அத்தனை பேரையும் இதைவிடக் கேவலமாக எவன் திட்ட முடியும்?

வழக்கு விவரம் பத்திரிகையில் விளம்பரமாகவும் வரும். எழுத்து 12 புள்ளிக்குக் குறையக் கூடாதென்பது விதி, குறையாது. கண்ணீர் அஞ்சலிக்கும் ஏல அறிவிப்புக்கும் இடையில் இருக்கும். அதே ஆள் கைகூப்பிச் சிரிப்பது மட்டும் முதல் பக்கம் முழுக்க.

2020 பீகார் தேர்தலில் இந்த உத்தரவை மதிக்காத எட்டுக் கட்சிகளுக்கு மறு ஆண்டு அபராதம் விழுந்தது. ஆறு கட்சிக்குத் தலா 1 லட்சம், இரண்டுக்குத் தலா 5 லட்சம். தமிழ்நாட்டில் 2021-இல் பொதுத் தொகுதி விருப்ப மனுவுக்கே திமுக 25,000 வாங்கியது. சீட்டுக் கிடைக்காத நாலு பேர் பணம் போதும், அந்த ஒரு லட்ச அபராதத்தைக் கட்டி முடிக்க.

டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினாரே நம்ம ஊர்க்காரர், அப்படிப்பட்ட நாலு பேர். அவர் மேல் ஒரு வழக்கும் கிடையாது.