உற்பத்தியாளர் வீட்டில்தான் இருக்கிறார்

சொந்தமாக விமானம் கட்டியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பழுது வந்தால் யாரைத் திட்டுவது என்று அலைய வேண்டாம். அமெரிக்காவில் இப்படிக் கட்டிய விமானத்தில் உற்பத்தியாளர் பெயரைப் பொறித்த தகடு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதில் இருப்பது கட்டியவருடைய பெயரேதான். விஸ்கான்சினில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் அந்தத் தகட்டை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டுவார். அவர் மனைவியும் அதையே காட்டுவார், அவரைக் கேள்வி கேட்பதற்காக.

பெரியவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டார். எழுபது தாண்டிய வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என்னை யாரும் வளர்க்கவில்லை. எனக்கு அவர் ‘சார்’தான்.

பொழுதுபோக்குக்காகக் கட்டும் விமானம் என்றால் பெரும்பகுதி வேலையைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்பார்கள். சார் அதற்கும் மேலேயே செய்தார். கார் ஷெட் விமானத்துக்குப் போயிற்று, கார் பனிக்குப் போயிற்று. ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு இறக்கை வரவேற்பறையில் சோபாவுக்குப் பின்னால் நின்றதாம். ஒருவழியாக விமானம் முடிந்தது. ஏறும் இடத்தில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று குறைந்தது 2 அங்குல உயர எழுத்தில் எழுதியிருக்கிறது. உள்ளே உட்காருபவரின் கண்ணுக்கு நேராக இன்னொரு அறிவிப்பு: இது கற்றுக்குட்டி கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்ற பொருளில். இதைப் படித்த பிறகும் பெல்ட் போட்டுக்கொள்ள ஆள் இருக்கிறது. பக்கத்து ஆஷ்காஷில் ஜூலை மாதம் நடக்கும் விமானத் திருவிழாவைப் போய்ப் பார்த்தால் தெரியும். 1953இல் மில்வாக்கியில் சில பேர் கூடித் தொடங்கிய சங்கம், இன்று அந்த ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை வரவழைத்து, ஊர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை உலகிலேயே மும்முரமான கோபுரமாக ஆக்கிவிடுகிறது.

அந்தத் திருவிழாவுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில்தான் சாருடைய என்ஜின் கறுப்புப் புகை விட்டது. திரையைப் பார்த்தால், என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம் மைனஸ் 40 என்றது. ஹேங்கரில் நாங்கள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தோம். மைனஸ் 40 பாரன்ஹீட்டா, செல்சியஸா என்று கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதான், அந்த ஒரு இடத்தில் மட்டும்” என்றார் சார், பழுதையும் மறந்து மலர்ச்சியோடு. வாத்தியார் வாத்தியார்தான்.

விஷயம் இதுதான். இன்டேக்கில் செருகியிருக்கும் சென்சாருக்குள் ஒரு சின்னத் தெர்மிஸ்டர் இருக்கிறது. சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். உள்ளே இணைப்பு அறுந்துபோனால் தடை எல்லையில்லாமல் ஆகிவிடும். என்ஜினின் கணினி அதை அறுந்ததாகப் பார்ப்பதில்லை, கடுங்குளிராகப் பார்க்கிறது. இந்த மாதிரி நேரத்தில் சந்தேகப்பட்டு வேறொரு எண்ணை வைத்துக்கொள்ளும் புத்திசாலிக் கணினிகளும் உண்டு. சாருடையது வெள்ளந்தி. மைனஸ் 40இல் காற்று 30 டிகிரிக் காற்றைவிட சுமார் 30 சதவீதம் அடர்த்தி அதிகம். அவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பெட்ரோல் என்று கணக்குப் போட்டு அது ஊற்றித் தள்ளியிருக்கிறது. புகை வராமல் என்ன செய்யும்?

(கார்புரேட்டர் வைத்த பழைய என்ஜின்காரர்களும் காற்றின் வெப்பத்தை அளக்கிறார்கள், வேறு பயத்தில். பெட்ரோல் ஆவியாகும் இடத்தில் காற்று சட்டென்று குளிர்ந்து, வெளியே இதமான 20 டிகிரியும் ஈரப்பதமும் இருந்தால்கூட உள்ளே பனிக்கட்டி கட்டி மூச்சை அடைத்துவிடும்.)

புதுச் சென்சார் தபாலில் வந்தது. கட்டைவிரல் பருமன்தான். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது பத்து நிமிட வேலை, கை எட்டினால். அது எட்டவில்லை. என்ஜினுக்கும் அதன் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில், குழாய், கேபிள், மறுபடி குழாய் என்று எல்லாவற்றுக்கும் அடியில் அது உட்கார்ந்திருந்தது.

“எந்த மடையன் இதை இங்கே கொண்டுபோய் வைத்தான்?” என்றார் சார்.

அவர் மனைவி ஒன்றும் பேசாமல் தகட்டைத் துணியால் துடைத்தார்.

கட்டும்போது எடுத்த புகைப்பட ஆல்பத்தைப் புரட்டினோம். அந்த 51 சதவீதத்தை நிரூபிக்க இவர்கள் கல்யாண ஆல்பத்தைவிடக் கவனமாக இதை வைத்திருக்கிறார்கள். படத்தில் என்ஜின் ஸ்டாண்டில் தனியாக நிற்கிறது. சுற்றிலும் ஒன்றுமில்லை. சென்சார் பளபளவென்று நடுநாயகமாகத் தெரிகிறது. பக்கத்தில் இளமையான சார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு நிற்கிறார். “கஸ்டமர் கேருக்கு ஒரு கடிதம் எழுதிப் பாரேன்” என்றார் மனைவி. “பதில் வராது, எனக்கு அந்தக் கம்பெனியை நல்லாத் தெரியும்.”

அப்போதுதான் இருவரும் ஒரே நேரத்தில் என் கையைப் பார்த்தார்கள்.

என் வளையல் அளவு 2-4, அதாவது உள்விட்டம் இரண்டேகால் அங்குலம். சிறுவயதில் கோயில் வாசல் வளையல்காரம்மா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, சோப்பு நுரை தடவி, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஏற்றிவிடுவார். அதே மடக்கு இங்கே உதவியது. மோதிரம், வளையல் எல்லாம் கழற்றிவைத்தேன். சார் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஒரு கையால் டார்ச்சும் மறு கையால் ஆல்பமும் பிடித்துக்கொண்டு “இடது பக்கம், இன்னும் கீழே” என்று வழி சொன்னார். அவர் இடது என்றது படத்தின் இடது. என்ஜினின் இடது வேறு. ஸ்பேனரை ஆறில் ஒரு பங்கு திருப்பவும் இடமில்லை. கொஞ்சம் திருப்பு, எடு, மறுபடி மாட்டு, திருப்பு. விமானத்துறையில் என் பங்களிப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது.

மாட்டும் முன் புதியதைச் சோதிக்க வேண்டும் என்றார். மல்டிமீட்டர் சுமார் 2,200 ஓம் காட்டியது, ஹேங்கரின் 30 டிகிரிக்குச் சரி. “கைக்குள் மூடிக்கொள்” என்றார். மூடினேன். எண் வகுப்பில் பயந்த பையன் போல இறங்கி 1,800ஐ நோக்கிப் போனது. பழையதை வைத்தால் மீட்டர் வாயே திறக்கவில்லை. கம்பி நன்றாகத்தான் இருந்தது. கம்பிதான் குற்றவாளி என்று காலையிலிருந்து சொல்லிவந்த மனைவி இதை ஏற்கவில்லை, இன்றுவரை.

புதியதைப் பொருத்தி, என்ஜின் மூடியை மாட்டிக் கிளப்பியதும் புகை இல்லை. அன்றே சார் லாக் புத்தகத்தில் தேதி, வேலை, கையெழுத்து எல்லாம் போட்டார். என் பெயருக்குக் கட்டம் இல்லையா என்றேன். இந்த வகை விமானத்தில் ரிப்பேர் யார் வேண்டுமானாலும் செய்யலாம், லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் ஆண்டுப் பரிசோதனையில் கையெழுத்துப் போடத் தகுதி வேண்டும்; லைசென்ஸ் உள்ள மெக்கானிக் போடலாம், அதற்கான சான்றிதழ் வைத்திருக்கும் கட்டியவரும் போடலாம் என்று விளக்கினார். அந்த உரிமையும் விமானத்தை விற்றால் வாங்கியவருக்குப் போகாதாம். கட்டத்தைப் பற்றிய பதில் மட்டும் வரவில்லை.

நான் வளையலை மாட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த ஹேங்கர்காரர் வந்தார். தன் விமானத்தில் கார்புரேட்டருக்குப் பின்னால் ஒரு நட்டு விழுந்து ரொம்ப நாளாகிறது என்று, சாரிடம் சொல்வதுபோல, என் மணிக்கட்டைப் பார்த்துச் சொன்னார்.