கப்பும் தராசும்

கேள்வி: பாட்டியின் குறிப்பு 'ஒரு கப் வாழைப்பழம்' என்கிறது, தராசோ கிராம் கேட்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், ராஜா அண்ணாமலைபுரம்)

பதில்: பாட்டி சொல்வதைத்தான்; ஆனால் பழத்தை நறுக்கினாரா, மசித்தாரா என்று அவரிடமே கேட்டறிந்த பிறகு. கப் என்பது கொள்ளளவு, அதாவது பொருள் அடைத்துக்கொள்ளும் இடம் என்பதால், 240 மில்லி கப்பில் வில்லைகளாக நறுக்கிய வாழைப்பழம் ஏறத்தாழ 150 கிராமே நிற்க, மசித்த பழமோ, இடையிலிருந்த காற்று வெளியேறிவிடுவதால், 225 கிராம் வரை ஏறிவிடுகிறது. 1951-இல் 'சமைத்துப் பார்' எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் காலத்து ஆழாக்கு, அதாவது படியில் எட்டில் ஒரு பங்கு, அரிசிக்கும் பருப்புக்கும் மிகப் பொருத்தமான அளவை. பழத்துக்குத் தராசே நம்பகமானது. முழுப் பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தோலுக்கே போய்விடுவதால், உரித்த பின்பே நிறுக்க வேண்டும்.