கோடு போடணுமா டீச்சர்?

மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தால் போதும், கை மேலே போய்விடும். பலகையில் இன்னும் ஓர் எழுத்துகூட விழுந்திருக்காது.

"டீச்சர், கோடு போடணுமா?"

ரந்தாவ் பக்கமோ லிங்கி பக்கமோ, பகாவ் தாண்டி ஜெராம் பாடாங்கோ, நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டப் பள்ளிக்குள் நுழைந்தாலும் வகுப்புக்கு ஒருவர் இப்படி இருப்பார். ஆறு பேர் படிக்கும் வகுப்பானாலும் அந்த ஆறில் ஒருவர் இவர்தான். பிள்ளைகள் குறைந்து, இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் உட்கார வைத்த பள்ளி என்றால் கேட்கவே வேண்டாம், இரட்டை நாயனம்.

நம்மவருக்கு வயது பன்னிரண்டுதான். ஆனாலும் 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை. ஒரு மணி நேரப் பாடத்தை ஒற்றைக் கேள்வியால் நிறுத்தி வைக்கிற அதிகாரம் தலைமையாசிரியருக்கே கிடையாது.

'போடு' என்று சொல்லிவிட்டால் முடிந்ததா?

"பென்சில்லயா, பேனாலயா?"

"பேனா."

"நீலமா, கருப்பா?"

"நீலம்."

"தேதிக்கு மேலயா, கீழயா?"

"கீழ."

"ஒரு வரி விட்டா, விடாமயா?"

"விட்டு."

"போன வாரம் சிவப்புன்னு சொன்னீங்க டீச்சர்."

சொல்லியிருப்பேன். சாட்சிக்கு நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டுவார். சிவப்புக் கோடு இருக்கும், ஆணித்தரமாக. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

பட்டபின் புத்தி வந்து, இப்போதெல்லாம் வகுப்புக்குள் நுழைந்ததுமே சட்டம் இயற்றிவிடுகிறேன். தேதி வலப்பக்கம், கிழமை அதன் கீழே, தலைப்பு நடுவில், கோடு நீலம், ஒரு வரி விட்டு. எதிர்க்கட்சி வாய் திறக்க வழியே இல்லை என்று நிமிர்ந்து பார்த்தால் கை நிற்கிறது. "டீச்சர், இந்தப் பக்கத்துல மூணு வரிதான் மிச்சம். இதுலயே எழுதட்டா, அடுத்த பக்கம் போகட்டா?" 1957-இல் மலாயாவுக்கு அரசமைப்பு வரைந்து கொடுத்தது ரீட் பிரபுவின் குழு. அந்தக் குழுவுக்கு இப்படி ஒருவர் வாய்த்திருந்தால் மெர்டேக்கா இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

அவர் கோடு போடும் வைபவத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ரூலரின் பூச்சிய முனை என்றோ உடைந்துவிட்டதால் இரண்டிலிருந்துதான் தொடங்குவார். இடக்கை விரல்கள் மூன்றும் ரூலரை அழுத்தும். நாக்கு கடைவாயில் எட்டிப் பார்க்கும். பேனா நல்லபடியாகத்தான் கிளம்பும். கடைசி ஓர் அங்குலத்தில் ரூலர் நழுவ, கோட்டுக்கு வால் முளைக்கும். தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பக்கத்துப் பையனிடம் லிக்குய்ட் பேப்பர் இரவல் வாங்கி, வாலின் மேல் பூசி, ஊதுவார். விரலால் தொட்டுப் பார்ப்பார். ஈரம். மறுபடி ஊதுவார்.

அன்று பாடம் இரட்டைக்கிளவி. அவர் ஊதி முடிப்பதற்குள் நான் சலசல, கலகல, விறுவிறு எல்லாவற்றையும் தாண்டிவிட்டேன். வகுப்பில் அவரைத் தவிர எல்லாமே மளமளவென்று நடந்துகொண்டிருந்தது. காய்ந்ததும் கை உயர்ந்தது.

"இரட்டைக்கிளவிக்கு ரெண்டு கோடு போடணுமா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காக, ரூலரைப் பிடித்தபடி, காத்திருந்தார்.

பென்சில் சீவக் குப்பைத்தொட்டிக்குப் போகும் யாத்திரை, தண்ணீர் குடிக்கும் அவசரம், முன்வரிசைப் பையன் மீது புகார் மனு, இவையும் உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை, விட்டுவிடலாம்.

'யூபிஎஸ்ஆரில் மார்க் போய்விடும்' என்று மிரட்ட ஒரு காலம் இருந்தது. 1988-இல் வந்த அந்தச் சோதனையை 2021-இல் எடுத்துவிட்டார்கள். பிரம்போ 1959-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிமுறைப்படி தலைமையாசிரியரின் அதிகாரத்தில் இருக்கிறது. என் கையில் மிஞ்சியிருப்பது மூச்சு. அதை ஆழமாக இழுத்து மெதுவாக விடுகிறேன். வீட்டுக்காரர் ஒரு நாள் மாலை, "தேத்தண்ணி கலக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "ஒரு வரி விட்டு" என்று பதில் சொன்னேனாம்.

ஒரு முறை தலைமையாசிரியர் என் பாடத்தை உற்றுநோக்கப் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். கதை சொல்லி, படம் காட்டி, குழுவாகப் பேச வைத்து எல்லாம் செய்தாயிற்று. "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் கை. வேறு கேள்வியாக இருக்கக் கூடாதா என்று எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். அதே கேள்விதான். தலைமையாசிரியர் தம் பாரத்தில் எழுதினார்: 'மாணவர்கள் ஆர்வத்துடன் வினா எழுப்புகின்றனர்.'

பாடக்குறிப்பின் அடியில் சிந்தனை மீட்சி என்று ஒரு கட்டம் இருக்கிறது. 11/12 மாணவர்கள் பாட நோக்கத்தை அடைந்தனர் என்று நிரப்ப வேண்டும். பன்னிரண்டாமவர் எதை அடைந்தார் என்று எழுத இடம் விடவில்லை.

தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் அவருடைய பாட்டி வந்திருந்தார். ஒரு பிடி பிடித்துவிடுவது என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். பாட்டி எழுத்துப் பக்கம் போகவேயில்லை. கோட்டை விரலால் தடவினார். "இவன் தாத்தா பால்மரம் வெட்டுனவரு டீச்சர். அவரு வெட்டுக் கோடு பார்த்தா மண்டோரே வாயத் திறக்க மாட்டாரு." வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று விடியுமுன்னே கிளம்பி, பட்டையில் இடமிருந்து வலமாகச் சுமார் 30 பாகைச் சரிவில் இழுக்கிற கோடு அது. கத்தி மேலோட்டமாய்ப் போனால் பால் வராது. ஆழமாய் இறங்கினால் மரம் காயம்பட்டுக் கழலை கட்டும். இன்று அந்தத் தீம்பார் முழுக்கச் செம்பனை. கோடு போடத் தெரிந்த கை மட்டும் வீட்டில் மிச்சமிருக்கிறது போலும். வைத்திருந்த திட்டை எடுக்க மனமில்லாமல், "நல்லாத்தான் போடுறான் பாட்டி" என்றேன்.

ஆனால் வெட்டுக் கோட்டிலாவது பால் வரும். இதில் என்ன வருகிறது? உண்மையாகவே சலித்துப் போகிறது. இரவு உட்கார்ந்து படம் தேடி, அட்டை வெட்டி, பாட்டுக் கட்டிக்கொண்டு போகிறேன். 'ஏன் டீச்சர் தண்ணி சலசலன்னு ஓடுது, கலகலன்னு ஓடலை?' என்று ஒரே ஒரு பிள்ளை கேட்டிருந்தால் அந்த வாரம் முழுக்க எனக்குப் பசிக்காது. யாரும் கேட்பதில்லை. கேட்கத் துணிவுள்ள ஒரே பிள்ளைக்கும் கோடுதான் கவலை. அந்தக் கவலை சும்மா வந்ததா? புத்தகப் பரிசோதனை என்று ஒன்று நடக்கிறதே, பார்க்கிறவர் முதலில் பார்ப்பது தேதி; அடுத்தது கோடு; அதற்கடுத்தது என் கையொப்பம். பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்குள் தேநீர் வந்துவிடும். சென்ற ஆண்டு ஒரு விளக்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். புதிய மதிப்பீட்டு முறையைப் பற்றி அரைநாள் பேசிவிட்டு, கேள்வி கேட்கலாம் என்றார்கள். மண்டபம் நிறைய ஆசிரியர்கள். முதல் கை உயர்ந்தது.

"ஃபைல் என்ன நிறம் சார்?"

எல்லாரும் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டோம். பச்சை.

அடுத்த ஆண்டு நம்மவர் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார். அங்கே எல்லாம் மலாய்தானே, சமாளிப்பாயா என்று கேட்டேன். தயாராகத்தான் இருந்தார். "சிக்கு, பெர்லு காரிஸ் கெ?" என்று தம் கோட்டுக் கேள்வியை மலாயில் சொல்லிக் காட்டினார். மலாய் வாக்கியம் என்றாலே தடுமாறுகிறவர், இதைத் திக்காமல் திணறாமல் சொன்னார்.

நீலமா கருப்பா என்பதும் தெரியுமாம். ஒரு வரி விட்டா, விடாமலா என்பதை மட்டும் மலாயில் சொல்லித் தரச் சொல்கிறார்.