நாலு டிராயர் அடுப்பு

ஹூஸ்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

பட்டறையில் வேலை எப்படிப் போகிறது? இந்தக் கடிதத்தை மட்டும் அத்தை கையில் கொடுத்துவிடாதீர்கள். பூசம் தவறாமல் குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூருக்கு நடந்தே போகிறவர் அவர். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் பசித்தவருக்குச் சோறு போடுகிறது. அந்த அடுப்புக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்த பையன் அமெரிக்கா போய் என்ன அடுப்பு மூட்டியிருக்கிறான் என்று தெரிந்தால், அடுத்த பூசத்தில் எனக்காகத் தனியாக வேண்டிக்கொள்வார்.

நம் வீட்டில் அடுப்பு புகைந்தால் ஊதுகுழலை எடுப்போம், விறகுக்காரனைத் திட்டுவோம். இந்த டெக்சஸ்காரர்கள் புகைக்குக் காசு கொடுக்கிறார்கள் மாமா. லாக்ஹார்ட் என்று ஒரு சின்ன ஊர். அதுதான் மாநிலத்தின் பார்பெக்யூ தலைநகரம் என்று 1999இல் இங்குள்ள சட்டசபையே தீர்மானம் போட்டிருக்கிறது. மாட்டு நெஞ்சுக்கறியை ராத்திரி முழுக்கப் புகையில் வைத்து எடுக்கிறார்கள். விடிந்ததும் கடை வாசலில் ஜனங்கள் வரிசை கட்டுகிறார்கள். ஆட்டுக்கறிக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. பிராடி என்ற ஊரில் 1974 முதல் வருஷா வருஷம் ஆட்டுக்கறி சுடும் உலகப் போட்டியே நடக்கிறது.

எனக்கும் ஆசை வந்தது. புகைபோடும் அடுப்பின் விலையைக் கேட்டேன், ஆசை போய்விட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஆபீஸில் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டினார்கள். நெய்வேலியில் என்எல்சி ஆபீஸ்களில் மூலைக்கு மூலை நிற்குமே, நாலு டிராயர் வைத்த சாம்பல் நிற பைல் அலமாரி, அதே வகையறா ஒன்று வாசலில் கிடந்தது. "வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம்" என்று சீட்டும் ஒட்டியிருந்தார்கள். பழைய இரும்புக்குப் போட்டால் என்ன வரும் என்றுதான் நம் ஊர்ப் புத்தி முதலில் கணக்குப் போட்டது. அப்புறம்தான் டிராயரைத் திறந்து பார்த்தேன். ஒரு முழுக்கோழி தாராளமாகப் படுக்கும்.

இனி நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். ஜிஐ தகடா என்று முதலில் பார்த்தேன். ஜிஐ ஷீட்டை வெல்டிங் செய்த ராத்திரி நீங்கள் காய்ச்சலில் நடுங்கியது எனக்கு மறக்கவில்லை. இது வெறும் இரும்புத் தகடு, மேலே பெயின்ட். பிளாஸ்டிக் கைப்பிடி, நைலான் சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளே விறகைப் போட்டு எரித்தேன். பெயின்ட் பொரிந்து வந்ததும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். அடி டிராயர் நெருப்புக்கு. மற்ற மூன்றின் அடித்தகட்டையும் ஏஜி-4 கிரைண்டர் வைத்து அறுத்தெடுத்து இரும்பு வலை பொருத்தினேன். இரண்டாவதில் தண்ணீர்த் தட்டு. கொழுப்பு நெருப்பில் சொட்டாமல் அது பார்த்துக்கொள்ளும். மூன்றாவதில் கோழி, உச்சியில் ஆட்டுத் தொடை, கூரையில் ஓட்டை போட்டு ஒரு புகைக்குழாய். காற்று எவ்வளவு போக வேண்டுமோ அவ்வளவுக்கு அடி டிராயரை இழுத்துவிட்டால் போதும். பூட்டு இன்னும் வேலை செய்கிறது. ஆகவே உலகத்திலேயே சாவி போட்டுப் பூட்டிய கோழி எங்கள் வீட்டில்தான் வேகிறது. கோழி டிராயரின் முகப்பில் "நிலுவை" என்று எழுதிய பழைய பித்தளைச் சட்டம் இருக்கிறது. பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்ணெய்க் கிணறுகளில் வெல்டராக இருந்தவர். இங்கே பல அடுப்புகள் அந்த எண்ணெய்க் குழாய்களை வெட்டிச் செய்தவைதான். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து, பேசாமல் நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். என் வெல்டிங்கில் விரலை ஓட்டிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது மாமா.

விறகுக் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். இங்கே மெஸ்கீட் என்று ஒரு மரத்துண்டைப் பை போட்டு சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறார்கள். யார் தெரியுமா? நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி! நாம் கோர்ட்டு வரைக்கும் போய் வேரோடு பிடுங்கச் சொன்ன குடும்பத்துக்கு இங்கே டாலரில் மரியாதை. விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெள்ளையாகக் குபுகுபுவென்று புகைந்தால் கறி கசக்கும், மெல்லிய நீலப்புகைதான் ருசி. பாதிக்குப் பாதி தண்ணீர் கோத்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை எரிக்கும் ஊர்க்காரனுக்கு இதை வகுப்பு எடுத்தா சொல்ல வேண்டும்? அந்த நாளில் அதிலிருந்து செய்து வீட்டுக்கு வந்த லெகோ கரி ஒரு மூட்டை இங்கே கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அலமாரிக்குள் சூடு 110 டிகிரி. தொடைக்கறி 70 டிகிரி வரை ஒழுங்காக ஏறும். அப்புறம் மணிக்கணக்காக அசையாது. நெருப்பு செத்துவிட்டதோ என்று பதறக் கூடாது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற கணக்குதான் அது. கறி வியர்க்கிறது, வியர்வை ஆவியாகிச் சூட்டைத் தின்றுவிடுகிறது. ஈரம் வற்றியதும் தானாக மேலே ஏறும். 95ஐத் தொட்டால் எலும்பு கையோடு வரும். ஆயா அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உப்புக்கண்டம் தொங்கவிட்டாரே, அவரிடம் தெர்மாமீட்டர் எல்லாம் ஏது?

இப்போது ஒரு சிக்கல். அடுத்த கோடையில் அத்தையும் உங்களோடு வருவதாக உங்கள் வீட்டுப் பாப்பா சொன்னாள். அவருக்காகக் கத்திரிக்காய், பன்னீர், சோளக்கதிர் என்று ஒரு டிராயரைச் சைவமாக்கலாம் என்று பார்த்தேன். மேலே வைத்தால் கறிப்புகை ஏறுகிறது. கீழே வைத்தால் கறிச்சாறு சொட்டுகிறது. நாலு டிராயரில் ஒன்றுகூடச் சுத்தமாக இல்லை. அதனால் ஆபீஸில் இன்னோர் அலமாரிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், முழுச் சைவம், சாவி அத்தையிடம். அதற்கு வெல்டிங் வைக்க நீங்கள்தான் வர வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவரின் பெருமூச்சை இன்னொரு தரம் என்னால் தாங்க முடியாது.

அன்புடன்,
உங்கள் மருமகன்

பி.கு.: அத்தை எப்படியும் இதைப் படித்திருப்பார். அத்தை, கத்திரிக்காய்க்கு உப்பு எவ்வளவு போட வேண்டும்?