இறக்குக்கூலியும் டீக்காசும்: மண்ணச்சநல்லூர் வட்டத்து உணவுப்பொதி மரபு குறித்து ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருள்

உணவுச் செயலியில் பரோட்டா சொன்னவர், அதைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு டிப்ஸ் தர வேண்டுமா, வேண்டாமா?

வினா பார்வைக்குச் சிறியது. ஆயினும் கதவு திறந்து மூடும் அரை நிமிடத்துக்குள் ஒரு குடும்பம் நான்கு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. "அதான் கம்பெனி சம்பளம் கொடுக்குதே" என்கிறார் அப்பா. "இந்த வெயில்ல வந்திருக்கு பிள்ளை" என்கிறார் அம்மா. ஆர்டர் போடும்போதே செல்போனில் 20 ரூபாய் போட்டுவிட்ட மகன் வாயைத் திறப்பதில்லை. பாட்டி மட்டும், "தம்பி, குடிக்கத் தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்கிறாள்.

இந்நான்கு கொள்கைகளும் இக்கட்டுரையில் முறையே ஊதியவாதம், கருணைவாதம், மௌனவாதம், நீர்வாதம் என வழங்கப்பெறும். இவற்றை ஆராய்ந்து முடிபு கூறுதலே இதன் பயன் என்க.

2. ஆய்வுக்களம்

நியூயார்க், பெங்களூர் முதலிய பேரூர்கள் இருக்க, மண்ணச்சநல்லூரைக் களமாகக் கொண்டது என்னை எனின், காரணம் இரண்டு.

முதலாவது, இது அரிசி ஆலை ஊர். மண்ணச்சநல்லூர்ப் பொன்னியின் பெயர் அச்சிட்ட மூட்டை போகாத மளிகைக்கடை தமிழ்நாட்டில் அரிது. ஒரு பொருளை ஓரிடத்தில் எடுத்து மற்றோரிடத்தில் வைப்பவனுக்கு என்ன தருவது என்ற வினாவுக்கு இவ்வூர் செயலிகள் பிறக்கும் முன்பே விடை கண்டுவிட்டது. லாரியில் ஏற்றினால் ஏத்துக்கூலி, இறக்கினால் இறக்குக்கூலி. மூட்டைக்கு இவ்வளவு என்று பேசி முடித்த பிறகே மூட்டை தோளுக்கு ஏறும். லோடு இறங்கி முடிந்ததும் கடைக்காரர் டீக்காசு என்று தனியாக ஒன்று கொடுப்பார். கூலி வேறு, டீக்காசு வேறு. ஒன்றை மற்றொன்றில் கழிக்கப் பார்த்தவரின் அடுத்த லோடு லாரியிலேயே நிற்கும்.

இரண்டாவது, வழி. திருச்சி நகரத்து ஓட்டலிலிருந்து புறப்படும் ஒரு சிக்கன் ரைஸ் இவ்வூரை அடைய, முதலில் காவிரியைக் கடக்க வேண்டும். பிறகு ஸ்ரீரங்கம் தீவைத் தாண்டிக் கொள்ளிடத்தைக் கடக்க வேண்டும். பிறகு நம்பர் ஒன் டோல்கேட் நெரிசலையும் கடக்க வேண்டும். இரண்டு ஆறு கடந்த பொருளுக்கு உலக வணிக வரலாற்றில் ஏற்றுமதி என்றே பெயர். காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக 2022 இறுதியில் மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கும்வரை திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே உண்டான சுற்றைச் சுற்றியவர்கள் இக்கூற்றை மறுக்கமாட்டார்கள்.

3. தொல்சான்றுகள்

இவ்வழியில் உணவு கொண்டுசேர்த்தல் புதிதன்று. இதற்கு முதற்சான்று, மண்ணச்சநல்லூரை அடுத்த திருப்பைஞ்ஞீலி.

திருநாவுக்கரசர் அத்தலத்தை நோக்கி நடந்து வருகையில் பசியும் தாகமும் வாட்டின. சிவபெருமான் வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தணர் வடிவில் பொதிசோற்றுடன் காத்திருந்தார். சோறு கொடுத்து, குளத்து நீரையும் பருகச் செய்தார். உடன் நடந்து ஊர்வரை வந்து மறைந்தார். பெரியபுராணத்தில் சேக்கிழார் கூறும் இச்செய்தியால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. சோறு ஆளுக்காகக் காத்திருந்ததே அன்றி, ஆள் சோற்றுக்காகக் காத்திருக்கவில்லை. "சார், லொகேஷன் தப்பா காட்டுது" என்ற உரையாடல் நிகழவில்லை. பானம் தனிக்கட்டணமின்றி வழங்கப்பட்டது. கொண்டுவந்தவர் மறைந்துவிட்டமையால் டிப்ஸ் பற்றிய சிக்கலே எழவில்லை. அப்பர் நிலத்தில் விழுந்து கண்ணீர் பெருகத் தொழுதார். இதனினும் உயர்ந்த மதிப்பீட்டை எந்தச் செயலியிலும் பதிய இயலாது. அத்தலத்தில் சோற்றுடை ஈசுவரர் என்ற பெயரில் தனிச்சன்னிதியே இருக்கிறது. சோறு கொண்டுவந்தவருக்குக் கோயில் கட்டிய ஊர்ப்பக்கத்தில், பத்து ரூபாய் கொடுக்கலாமா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் சான்று திருச்சி மலைக்கோட்டை. பேறுகால மகளைப் பார்க்கப் புறப்பட்ட தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே தங்கிவிட, இறைவனே அத்தாயாக வந்து பணிசெய்தார் என்பது தாயுமானவர் வரலாறு. இயற்கைச் சீற்றத்தால் வர இயலாதவருக்குப் பதிலாள் அனுப்பும் முறைக்கு இதுவே மூலம். இன்றும் சுகப்பிரசவம் ஆனவர்கள் அங்கே வாழைத்தார் சாத்துகிறார்கள். கவனிக்க: காரியம் முடிந்த பின்னரே தார் வருகிறது. இது பின்னர்ப் பயன்படும்.

மூன்றாம் சான்று, டோல்கேட்டை அடுத்த உத்தமர்கோயில். பிரம்மனின் தலையைக் கொய்த சிவனின் கையில் அக்கபாலம் ஒட்டிக்கொண்டது. பிச்சையாக இட்டதையெல்லாம் கபாலமே தின்றுவிட, சுமந்து திரிந்தவர் வயிறு காய்ந்தது. இத்தலத்தில் மகாலட்சுமி இட்ட பிச்சையால்தான் அது நிறைந்தது. அதனால் தாயார் பூர்ணவல்லி ஆனார். கொடுப்பவர் கைக்கும் வாங்குபவர் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கபாலம் இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இதனுள் அடங்கியிருக்கிறது. இதுவும் பின்னர்ப் பயன்படும்.

நான்காம் சான்று இவ்வட்டாரத்தது அன்று, ஆயினும் இன்றியமையாதது. பெருஞ்சித்திரனார் மலைபல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்றார். அவனோ நேரில் காணாமல் பொருளை மட்டும் ஆள்வழி அனுப்பினான். புலவர் ஏற்கவில்லை. என்னைக் காணாது தந்த பொருளை வாங்க நான் வணிகன் அல்லேன். தகுதி அறிந்து தருவதாயின் தினையளவேனும் போதும் என்னும் கருத்துப்படப் பாடினார். அது புறநானூற்றின் 208ஆம் பாட்டு. கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்லி, பொத்தானை அழுத்திப் பணம் அனுப்பும் முறைக்குத் தமிழில் எழுந்த முதல் ஆட்சேபம் இதுவே.

4. டிப்ஸின் வகைகள்

வழக்கில் காணப்படும் டிப்ஸ் ஆறு வகைப்படும்.

சில்லறை டிப்ஸ்: பில் 188 ரூபாய், கொடுத்தது 200. "மீதிய வச்சுக்க தம்பி." இது ஈகையா, சில்லறை எண்ணச் சோம்பலா என்பது ஆராயத்தக்கது. யுபிஐ பரவியபின் இவ்வினம் அருகி வருகிறது.

மாடி டிப்ஸ்: லிஃப்ட் இல்லாத மூன்றாம் தளத்தில் இருப்பவர் தருவது. கீழே இறங்கி வந்து வாங்கிக்கொள்பவர் இதிலிருந்து தம்மைத் தாமே விலக்கிக்கொள்வார்.

மழை டிப்ஸ்: ஐப்பசியில் பெருகும். சொட்டச் சொட்ட நிற்பவரைக் கண்டவுடன் பர்சைத் தேடி உள்ளே ஓடுதல் இதன் இலக்கணம்.

பண்டிகை டிப்ஸ்: தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தருவது. தபால்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர் வரிசையில் இவரையும் சேர்ப்பதற்குத் தடை ஒன்றுண்டு. இவர் அடுத்தமுறை வருவதில்லை, வேறொருவர் வருகிறார்.

நட்சத்திர டிப்ஸ்: "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார்" என்று அவரே கேட்பது இது ஒன்றுதான். காசு கேட்க நாணுபவர் நட்சத்திரம் கேட்க நாணுவதில்லை. என்னை எனின், காசு ஒருநாள் டீக்கு. மதிப்பீடு நாளைய வேலைக்கு. வீட்டுக்காரருக்குச் செலவு ஏதுமின்றியும் இதைத் தர மறப்பார் மிகப்பலர்.

பொத்தான் டிப்ஸ்: செயலியில் 20, 30, 50 என்று வரிசையாகக் காட்டப்படுவது. அடுப்பில் எண்ணெய் காயும் முன்பே, பொதியைத் தூக்கப்போகிறவர் யார் என்று அறியும் முன்பே செலுத்தப்படுவது.

இவ்வகைகள் எல்லாம் காலத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளில் பல வீடுகளில் அடுப்பே எரியாது. ஆர்டர் எங்கிருந்து வரும்? சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப்பட்டினி இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதாம். வட்டாரத்தின் முதன்மை வாடிக்கையாளரே ஒரு மாதம் சமைத்ததைத் தொடாத ஊரில், ஆண்டுச் சராசரி கணக்கிடுவது ஆய்வு நெறிக்கு ஏலாது.

5. தடையும் விடையும்

ஊதியவாதி கூறுவார்: "கம்பெனி கொடுக்கிறது. நான் ஏன் கொடுக்க வேண்டும்?" இதற்கு விடை: கம்பெனி அவரை ஊழியர் என்று சொல்வதே இல்லை, பங்காளி என்கிறது. பாகம் பிரிக்கும்போது மட்டும் அப்பங்காளிக்கு மாதச் சம்பளம் இல்லை. வருங்கால வைப்புநிதி இல்லை. ஆர்டருக்கு இவ்வளவு என்ற கணக்கு உண்டு. பெட்ரோல் அவருடையது, வண்டி அவருடையது, பஞ்சரும் அவருடையது. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் நாட்டில் இத்தகைய தொழிலாளர் 77 லட்சம் என்றும் 2029-30இல் 2.35 கோடி ஆவர் என்றும் மதிப்பிட்டது. இத்தனை பங்காளிகள் கொண்ட குடும்பம் மகாபாரதத்திலும் இல்லை.

கருணைவாதி கூறுவார்: "ஆகவேதான் நாம் தாராளமாகக் கொடுக்க வேண்டும்." இதுவும் முழுமையன்று. நாம் கொடுக்கக் கொடுக்க, கொடுக்க வேண்டியவர் கையை இழுத்துக்கொள்வதற்கு அமெரிக்காவே சான்று. அங்கே டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்; 1991 முதல் அது அசையவில்லை. மிச்சத்தை வாடிக்கையாளரின் மனச்சாட்சி நிரப்புகிறது. அந்நாட்டு வாஷிங்டன் மாநிலம் 1909இல் டிப்ஸையே சட்டத்தால் தடுத்துப் பார்த்து, 1913இல் கைவிட்டது. மனச்சாட்சியைத் தடை செய்ய இயலாது. மேலும் அது மலிவு.

மௌனவாதி கூறுவார்: "நான் செயலியிலேயே போட்டுவிட்டேன்." இவருக்கு உத்தமர்கோயில் சான்றைக் காட்டுக. அமேசான் நிறுவனம் தன் ஃபிளெக்ஸ் ஓட்டுநர்களுக்கு வாடிக்கையாளர் தந்த டிப்ஸை முழுமையாகக் கொடுக்காமல், தான் தர வேண்டிய கூலியில் ஈடுகட்டிக்கொண்டது என்ற வழக்கில், அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் 2021இல் சமரசம் செய்து 6.17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. கபாலம் தின்றது என்பது இதுவே. எல்லாச் செயலியும் இப்படி என்று கூறுவார் இலர். கையில் ஒட்டியிருப்பது பாத்திரமா கபாலமா என்று இட்டவர் பார்க்க வேண்டும் என்பதே கருத்து.

முன்கூட்டியே தருவது பற்றி இன்னொரு குற்றமும் உண்டு. டாக்சி வருவதற்கு முன்பே டிப்ஸ் கேட்ட முறைக்காக ஊபர் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் நோட்டீஸ் அனுப்பியது. வண்டி வருவதற்காகவே தருவது டிப்ஸ் ஆகாது, ஏலத்தொகை ஆகும். திரும்பக் கிடைக்கும் என்று அளந்து தருவதை வள்ளுவரும் ஈகைக் கணக்கில் சேர்க்கவில்லை. வாழைத்தார் சுகப்பிரசவத்துக்குப் பின்னரே சாத்தப்படுகிறது என்பதை இங்கே நினைவு கொள்க.

நீர்வாதிக்கு மறுப்பில்லை. சித்திரை வெயிலில் ஒரு சொம்பு தண்ணீர் கபாலத்தில் சிக்காது. நேரே தொண்டைக்குப் போகும். ஆயினும் தண்ணீர் கொடுத்ததைக் காரணம் காட்டிக் காசை விழுங்குதல் நீர்வாதத்தின் போலி எனக் கொள்க.

6. முடிபு

ஆகவே "டிப்ஸ் தரலாமா" என்பது இரண்டாம் வினா. அதைப் பெரிதாக்கி வீட்டு வாசலில் வைத்ததால், "இறக்குக்கூலி யாருடையது" என்ற முதல் வினா தப்பித்துக்கொண்டது. பொதியை இறக்கியவனுக்கு முழுக்கூலி தந்தாயிற்றா என்று கேட்க வேண்டியவர்கள், தம் பர்சில் பத்து ரூபாய் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வினாவுக்கு விடை வரத் தொடங்கியிருக்கிறது. 2023 சுதந்திர தின உரையில் தமிழக முதல்வர் இத்தொழிலாளருக்குத் தனி நலவாரியம் அறிவித்தார். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் வந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை இவர்கள் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அத்தொகை தொழிலாளருக்குத் தருவதில் 5 விழுக்காட்டைத் தாண்ட வேண்டியதில்லை. இவை கூலி ஆகா. கூலி பேச உட்கார்ந்ததன் அடையாளம் ஆகும்.

அதுவரை கொள்ளத்தக்க விதிகள்:

பொதி கைக்கு வந்தபின் தருக. முகம் பார்த்துத் தருக. கையிலோ, அவருடைய யுபிஐ எண்ணிலோ தருக. மழைக்கும் மாடிக்கும் கூட்டித் தருக. வீட்டு வாசலை நீங்களே தவறாகக் குறித்திருந்தால் இரட்டித்துத் தருக. உணவு ஆறியிருந்தால் ஓட்டலைக் குறைகூறுக. அவர் நட்சத்திரத்தில் கை வைக்காதீர். தர இயலாதவர் நாண வேண்டியதில்லை. டீக்காசு கடன் அன்று.

கூலி ஒழுங்காகிவிட்டால் டிப்ஸ் தானே அற்றுப்போகும் என்று சிலர் அஞ்சுவர். அது பொருந்தாது. கூலி பேசி முடித்த இடத்தில்தான் டீக்காசு இன்றும் சிரித்துக்கொண்டே கொடுக்கப்படுகிறது, சிரித்துக்கொண்டே வாங்கப்படுகிறது. ஐயமுற்றார், மண்ணச்சநல்லூர் அரிசி லாரி இறங்கும் ஏதேனும் ஒரு கடைவாசலில் நின்று கண்டு தெளிக.