பத்து மணிப் பூ மும்பையில் பிந்தி விரிவது குறித்த ஓர் ஆய்வு

பத்து மணிப் பூ, டேபிள் ரோஸ், மராத்தியர் வாயில் ‘ஆபீஸ் டைம்’: பெயர் எதுவானாலும் செடி ஒன்றே. தாயகம் தென் அமெரிக்கா. 1829-இல் தாவரவியலாளர் ஹூக்கர் இட்ட பெயர் போர்ட்டுலாகா கிராண்டிஃபுளோரா. பருப்புக்கீரை இதன் பங்காளி. பங்காளி குழம்பில் கொதிக்க, இது மட்டும் ஜன்னல் கிரில்லில் கொலுவிருப்பது குடும்பத்துக்குள் தீராத மனத்தாங்கலாக இருக்கக்கூடும்.

இது பத்து மணிக்குத்தான் விரிகிறதா என்பதே தலையாய சிக்கல். பூவை விரியவைப்பவை வெளிச்சமும் சூடும், கடிகாரம் அல்ல. மும்பைச் சூரியன் இந்திய நேரத்துக்கு 39 நிமிடம் பின்தங்கியவன். 1906-இல் பொது நேரம் வந்த பிறகும், விடுதலைக்குப் பின் சில ஆண்டுகள் வரை மாநகராட்சி ‘பம்பாய் நேரத்தை’ விடாமல் பிடித்திருந்தது. பிறகு நகரம் இறங்கி வந்தது, பூ வரவில்லை. திருநெல்வேலியில் கிள்ளி எடுத்துத் தாராவிக்குக் கொண்டுவந்த கிளை, சூரியக் கணக்கில் ஊரைவிட 20 நிமிடம்போலப் பிந்தியே விரியும். இதற்கு லோக்கல் ரயிலைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

வளர்ப்பு முறைக்குப் பெரிய சாத்திரம் தேவையில்லை. கும்பார்வாடாக் குயவர்களின் மண்தொட்டி போதும். அடித்துளைமேல் ஓட்டாஞ்சில்லு, அதன்மேல் பாதிக்குப் பாதி மணல் கலந்த மண், நல்ல வெயில். விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். சதைப்பற்றான இலைகளில் நீர் இருப்பு உண்டு. எனவே வாடிவிடுமே என்று மாட்டுங்கா மாமிகள் இருவேளையும் ஊற்றும் தண்ணீர் பாசம்தான். வேரோ அதை அழுகல் என்றே பதிவு செய்கிறது. செம்பூரில் உரத் தொழிற்சாலையே இருக்கிறது என்பதற்காக சுஃபலா உரத்தை அள்ளிப் போடுவதும் தவறு. தழை மதமதவென்று வளரும், பூ இராது.

மழைக்காலம் தனி இயல். மேகம் மூடிய நாளில் பூ விரிவதில்லை. தண்டவாளம் மூழ்கிய நாளில் ஆபீஸ் ‘டைமும்’ இல்லை என்பதால் பெயருக்குப் பங்கமில்லை. 2005 ஜூலை 26 அன்று சாண்டாகுரூசில் பெய்தது 944 மி.மீ. செடியின் தாயகப் பக்கம், அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் மூன்றாண்டு மழையைக் கூட்டினாலும் அவ்வளவு தேறாது. ஆகவே ஜூன் பிறக்குமுன் விரல்நீளத் துண்டுகளைக் கிள்ளி, அடியிலைகளை உருவி, சன்ஷேடுக்கு அடியில் நட்டுவைப்பது வழக்கம். தாய்ச்செடி போனாலும் வம்சம் தங்கும்.

விரிந்த பூவின் நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் கூட்டமாக நிற்கும். ஈர்க்குச்சியால் ஒரு பக்கம் மெல்லத் தீண்டினால் அவை தீண்டிய பக்கமே சாயும். வந்த தேனீமேல் மகரந்தம் பூசுவதற்கான ஏற்பாடு இது. ஆராய்ச்சி என்ற பெயரில் வேலைக்கு நேரமாக்கிக்கொள்ள இதைவிடக் கௌரவமான காரணம் கிடைப்பது அரிது.

ஒரு பூவுக்கு ஆயுள் ஒரே நாள். பிற்பகலில் சுருங்கும். பின்னர் வரும் சிறு காய் முற்றியதும், மேல்பாதி டிபன் டப்பா மூடிபோலக் கழன்று, மணல்போன்ற பொடி விதைகள் கொட்டும். மண்ணால் மூடாமல் மேலே தூவினாலே முளைக்கும். காற்றடித்தால் கீழ்மாடி கிரில்லிலும் முளைக்கும். அந்தச் செடி யாருக்குச் சொந்தம் என்பதைத் தாவரவியல் தீர்மானிக்க இயலாது. அது சொசைட்டிப் பொதுக்குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டது.