இருபத்தைந்தாம் நூற்றாண்டு என்கிற பூர்வீகச் சொத்து

1927 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றை ஆராயப் போன ஆன்டனி ராஜர்ஸ் என்ற ஆசாமி கதிரியக்க வாயுவை மூக்கு முட்ட இழுத்துவிட்டு மல்லாந்தார். கண் விழித்தபோது வருஷம் 2419. நடுவில் 492 ஆண்டுகள். கும்பகர்ணனே வந்து சிஷ்யனாகச் சேர வேண்டிய தூக்கம். பிலிப் பிரான்சிஸ் நவ்லன் எழுதிய இந்தக் கதை 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் 1928 ஆகஸ்டில் வெளியானது. பத்திரிகைகளுக்குப் படக்கதை விநியோகம் செய்துவந்த ஜான் டில்லே கண்ணில் அது பட்டது. ஆன்டனி என்ற பெயரை வைத்துக்கொண்டு பிரபஞ்சத்தைக் காப்பாற்ற முடியாது என்று தோன்றியிருக்க வேண்டும். ஆசாமி 'பக்' ராஜர்ஸ் ஆனார். 1929 ஜனவரி 7 முதல் செய்தித்தாள்களில் ராக்கெட் விடத் தொடங்கினார்.

டில்லே செய்த சாமர்த்தியமான காரியம், உரிமையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதுதான். மற்ற தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தென்னந்தோப்பு வைத்துவிட்டுப் போவார்கள். இவர் ஐந்து நூற்றாண்டுக்கு அப்பால் இருக்கும் சூரிய மண்டலத்தையே குடும்பத்துக்கு வைத்துவிட்டுப் போனார்.

இப்போது காட்சி விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவுக்கு மாறுகிறது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டால் உலகப் புகழ் பெற்ற டிஎஸ்ஆர் நிறுவனம், 1980களின் நடுவில் கடனில் முழங்கால் அளவு நின்றுகொண்டிருந்தது. விளையாட்டைப் படைத்த இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், நிர்வாகத்தைச் சீர்செய்ய லோரெய்ன் வில்லியம்ஸ் என்ற அம்மையாரை அழைத்து வந்தார். அம்மையார் சீர்செய்தார். 1985இல் கம்பெனியின் பங்குதாரர்களான புளூம் சகோதரர்களின் பங்குகளை வாங்கி, கம்பெனியையே தன் கைக்குக் கொண்டுவந்தார். கைகாக்ஸ் நீதிமன்றம் போனார், தோற்றார், கொஞ்ச காலத்தில் கம்பெனியை விட்டே போனார். ஆயிரக்கணக்கான டிராகன்களை உருவாக்கியவருக்கு ஒரு பங்குப் பத்திரத்தைத் தடுக்கும் மந்திரம் தெரியவில்லை.

லோரெய்ன் யார்? ஜான் டில்லேயின் பேத்தி!

வாசகர்கள் முடிச்சை அவிழ்த்திருப்பார்கள். டிஎஸ்ஆர் திடீரென்று பக் ராஜர்ஸ் மேல் பைத்தியமானது. 1988இல் பக் ராஜர்ஸ் பலகை விளையாட்டு. 1990இல் 'பக் ராஜர்ஸ் எக்ஸ்எக்ஸ்விசி' என்ற கதாபாத்திர விளையாட்டு, கூடவே நாவல்கள், துணைப் புத்தகங்கள். "பக் ராஜர்ஸ் வேண்டும்" என்று எந்த வாலிபனும் கடை வாசலில் உண்ணாவிரதம் இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ராயல்டி டில்லே குடும்ப அறக்கட்டளைக்குப் போனது. கம்பெனியும் அம்மையாருடையது, பாட்டன் சொத்தும் அம்மையார் குடும்பத்துடையது. இடது கை கொடுக்க வலது கை வாங்கியது என்று விமர்சகர்கள் இன்றுவரை முணுமுணுக்கிறார்கள்.

அடுத்து மாட்டியது எஸ்எஸ்ஐ. ஜோயல் பில்லிங்ஸ் 1979இல் தொடங்கிய இந்த கலிஃபோர்னியா நிறுவனம், டிஎஸ்ஆரிடம் உரிமம் வாங்கி 1988இல் 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டுக் கொழித்தது. ஆறு பேர் கொண்ட குழு, தெருவில் நடக்கும்போது நம் கண் பார்வையில் காட்சி, சண்டை வந்தால் மேலிருந்து பார்க்கும் சதுரங்கம். தங்க நிற அட்டைப் பெட்டியில் வந்ததால் இந்த வரிசைக்கே 'கோல்ட் பாக்ஸ்' என்று பெயர். உரிமம் கொடுத்த மகராசி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்காமல் இருக்க முடியுமா? 1990இல் வந்தது 'கவுண்ட்டவுன் டு டூம்ஸ்டே'.

டிராகன் விளையாட்டின் இன்ஜினை அப்படியே தூக்கி விண்வெளியில் வைத்தார்கள். மந்திரவாதியின் நெருப்புக் குண்டுக்குப் பதில் கையெறி குண்டு. பூசாரி கை வைத்துக் குணப்படுத்திய இடத்தில் மெடிக். எல்ஃப், குள்ளர்களுக்குப் பதில் பூனை முகமும் ரோமமும் கொண்ட செவ்வாய்க்கிரக டெஸர்ட் ரன்னர், ஸ்பானரோடு பிறந்த டிங்கர். கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும் என்ற தலைகீழ்க் கணக்கு மட்டும் ஐந்து நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை. பெட்டியில் பெயர் பெரிதாகப் போட்டிருந்த பக் ராஜர்ஸுக்கோ ஏறக்குறைய கௌரவ வேடம்தான். பூமியைக் காப்பாற்றும் கூலி வேலை நாம் உருவாக்கிய ஆறு பேர் தலையில்.

தொழில்நுட்பத்தைக் கேளுங்கள். ஃபிளாப்பியில் இடம் போதாது. அதனால் கதையின் நீளமான பகுதிகளைக் காகிதத்தில் அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டார்கள். லேசர் துப்பாக்கி முழங்கும் நேரத்தில் திரை நிதானமாக, குறிப்புப் புத்தகத்தில் இந்த எண்ணுள்ள பத்தியைப் படிக்கவும் என்று சொல்லும். கிரகம் விட்டுக் கிரகம் பாயும் ராக்கெட் வீரர், ஸ்டேபிள் பின் அடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சரி, வில்லன் யார்? வேற்றுக்கிரகவாசியா, அசுரனா? இல்லை, ஒரு கம்பெனி! ராம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ருஸ்ஸோ-அமெரிக்கன் மெர்க்கன்டைல். செவ்வாயில் உட்கார்ந்துகொண்டு, பூமியைக் குடும்ப எஸ்டேட் போல ஆண்டு, எதிர்த்தால் டூம்ஸ்டே லேசரால் கொளுத்தத் தயாராகும் வணிக நிறுவனம். எதையும் சொத்தாகப் பார்க்கும் கம்பெனிக்கு எதிராகப் புரட்சி செய்யச் சொல்லும் கதை, பேத்தி பாட்டன் சொத்தைத் தன் கம்பெனிக்கே வாடகைக்கு விட்டதால் பிறந்தது. எழுதியவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, முதலாளியின் சம்பளத்தில் முதலாளித்துவத்தைச் சுட்டுத் தள்ளினார்கள்.

சரித்திரமும் தன் பங்குக்குக் குறும்பு செய்தது. டிஎஸ்ஆர் புதுப்பித்த கதையின்படி பக் ராஜர்ஸ் 1990களில் சோவியத்தின் விண்வெளி ஆயுதத்தைத் தகர்க்கக் கிளம்பி உறைந்து போனவர். விளையாட்டு கடைக்கு வந்த மறு வருஷமே, 1991 டிசம்பரில், சோவியத் ஒன்றியம் கடையைக் கட்டிவிட்டது. 1992இல் இரண்டாம் பாகம் 'மேட்ரிக்ஸ் கியூப்ட்' வந்தபோது, பக்கின் ஜென்ம விரோதி அவர் தகர்க்காமலே தகர்ந்திருந்தார். எஸ்எஸ்ஐ அசரவில்லை. முதல் பாகத்தில் வளர்த்த ஆட்களை இரண்டாம் பாகத்துக்கு அழைத்து வரலாம் என்று சொல்லி ரசிகர்களை இழுத்தது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விளையாட்டு நன்றாகவே இருந்தது. எதிரிக் கப்பலை முடக்கி, உள்ளே புகுந்து, தாழ்வாரம் தாழ்வாரமாகச் சண்டை போட்டு அதைக் கைப்பற்றும் கட்டங்களை விசுவாசிகள் இன்றும் சிலாகிக்கிறார்கள். 1991இல் சேகா கன்சோலுக்கும் ஒரு பதிப்பு வந்தது. உள்நோக்கம் எதுவானாலும் சமையல்காரர் நல்லவர் என்றால் விருந்து ருசிக்கத்தான் செய்கிறது. மூன்றாம் பாகம் மட்டும் வரவே இல்லை.

கம்பெனிகளின் கதை வேறு மாதிரி முடிந்தது. எஸ்எஸ்ஐயை 1994இல் மைண்ட்ஸ்கேப் வாங்கியது. கடனில் மூழ்கிய டிஎஸ்ஆரை 1997இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. அதை 1999இல் பொம்மை வியாபாரியான ஹாஸ்ப்ரோ விழுங்கியது. ராம் செவ்வாயிலிருந்து செய்ய நினைத்ததை இவர்கள் லேசர் இல்லாமல் காசோலையால் முடித்தார்கள். டிராகன்கள் கைமாறின, மந்திரவாதிகள் கைமாறினார்கள், கைகாக்ஸின் நிலவறைகள் அத்தனையும் கைமாறின. பக் ராஜர்ஸ் மட்டும் சாமான் பட்டியலில் இல்லை. அவர் கம்பெனி சொத்து இல்லையே, வாடகைக்கு வந்தவர்தானே!